அராலித் துறைத் தவறணை: திருத்த வேலைக்குப் பிறகு

ரெண்டு மாதம் பூட்டிக் கிடந்தது.
‘திருத்த வேலை’ எண்டு மட்டையில் எழுதிக்
கம்பியில் கட்டியிருந்தினம்.
அந்த ரெண்டு மாதமும் நாங்கள்
வள்ளத்தைக் கட்டிவிட்டு
நேரே வீட்டுக்குப் போனம்.
வீடுகள் திடுக்கிட்டன.

விளக்கீட்டுக்கு மறுநாள் திறந்தது.
தரைக்கு வெள்ளை மாபிள்.
எங்கள் காலிலோ சேறு.
வாசலில் ஒரு குழாய், அதுக்கு மேல் அறிவித்தல்:
கால் கழுவி உள்ளே வரவும்.
கோயிலுக்குக்கூட இவ்வளவு கவனமாய்
நான் கால் கழுவினதில்லை, சத்தியமாய்.

குளிர்ப்பெட்டிக்குள்
மூடி போட்டு வரிசையாய் நிக்குது கள்ளு,
பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி.
நுரை இல்லை. தேனீ இல்லை.
தவக்குலம் ஒரு போத்தலைக் காதில் வைச்சுக் கேட்டான்.
‘மூச்சு விடுது, சாகேல்லை’ எண்டான்.

சுவரில் எழுத்து: கடன் இல்லை.
பழைய கொப்பி எங்கே எண்டு கேட்க
எல்லாருக்கும் ஆசை, எல்லாருக்கும் பயம்.

கதிரையள் நீலம், எல்லாம் ஒரே நீலம்.
இதை நான் சொல்லத்தான் வேணும்:
முந்திச் சிலர் உள்ளே வாங்கில் இருப்பினம்,
சிலர் வேலிக்கரையில் குந்தியிருப்பினம்.
ஆர் எங்கே எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை,
ஒருத்தரும் மாறி இருந்ததுமில்லை.
என் அப்பன் குந்தியிருந்த இடத்தில்
இப்ப கை கழுவுற பேசின்.
‘பழசுதான் நல்லது’ எண்டு செபமாலையர் தொடங்க
நான் ஒரு நீலக் கதிரையைச்
சத்தமாய் இழுத்துப்போட்டு இருந்தன்.

ஆனால் யன்னல்.
அதை மட்டும் மன்னிக்கேலாது.
தண்ணிப் பக்கத்து யன்னலைக் கல்லடுக்கிப் பூசிக்
காசு வாங்குற மேசை போட்டிட்டினம்.
இருந்தால் றோட்டுத்தான் தெரியும்.
வள்ளக்காரன் குடிக்கிறது ஒரு கண்ணால்,
மற்றக் கண் கயிற்றில் இருக்கும்.
இப்ப ரெண்டு கண்ணும் சும்மா இருந்தன.
அதாலயோ என்னவோ
கள்ளும் கொஞ்சம் கூடத் தேவைப்பட்டது.

மார்கழி. நாலு நாள் மழை.
வழுக்கியாறு வருசத்தில் பத்து மாதம்
பேருக்குத்தான் ஆறு:
ஆடு மேயும், பெடியள் பந்தடிப்பினம்.
அண்டைக்கு அது உண்மையாய் ஓடினது.
அணைக்கதவு திறந்தது எங்களுக்குத் தெரியாது.
நாங்கள் றோட்டைப் பார்த்துக்கொண்டு
சேற்றில் புதைஞ்ச ஒரு லான்ட்மாஸ்டரை
எந்தப் பக்கத்தால் தள்ளவேணும் எண்டு
இருந்த இடத்திலிருந்து தீர்மானிச்சுக்கொண்டிருந்தம்.

‘அண்ணை’ எண்டாள் காசு மேசையில் நிரூபா.
சங்கம் அனுப்பின பிள்ளை, கணக்குப் படிச்சவள்,
ஒருநாளும் குரல் உயர்த்தாதவள்.
‘ஒரு வள்ளம் தானாய்ப் போகுது.’

அவளுக்கு முன்னால் ஒரு சின்னத் திரை,
கள்ளர் வராமல் பின்சுவரில் பூட்டின கமராவுக்கு.
கறுப்பு வெள்ளையில் மழை.
கறுப்பு வெள்ளையில் முளைக்கம்பு,
கயிறில்லாத கம்பு.
இராசகிளியின்ர வள்ளம், பின்பக்கம் முன்னுக்காய்,
ஆரிட்டயும் சொல்லாமல் கலியாண வீட்டிலிருந்து
நழுவுற ஆள் மாதிரி
திரையின் ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.
மேலே நேரம் 18:12:07.
08.
09.

ஓடினம். நீந்தினம். பிடிச்சம்.
மாபிளெல்லாம் சேறு. அவள் ஒண்டும் சொல்லேல்லை.

அண்டையிலிருந்து நீலக் கதிரையெல்லாம்
காசு மேசையைச் சுத்தித்தான்.
எட்டுப் பேர் கழுத்தை நீட்டி
உள்ளங்கையளவு கடலைப் பார்த்துக் குடிக்கிறம்.
சுவருக்கு அந்தப் பக்கம், ஆறு முழத்தில்,
அதே கடல் முழுசாய் இருக்குது.
வெளியில் போய்ப் பார்க்கலாம்.
மழை.

நேற்று நிரூபா கேட்டாள், கண் எடுக்காமல்:
‘காத்து மாறினால் எந்தக் கயிறு முதலில் இளகும்?’
தவக்குலம் ஒண்டைச் சொன்னான்,
இராசகிளி மறுத்தான்,
செபமாலையர் ரெண்டு பேரையும் பேசினார்.
அந்தச் சத்தத்துக்குள்தான் கண்டன்,
அவளின்ர முழங்கைக்குக் கீழே பழைய கொப்பி,
விரிஞ்சபடி.
என் பேருக்கு நேரே மூவாயிரத்து நானூறு.
நான் கண்டதை அவள் கண்டாள்.
ரெண்டு பேரும் திரையைப் பார்த்தம்.

கம்பில் ஒரு கொக்கு வந்து நிண்டது.
ஒற்றைக் காலில், கனநேரம்.